வெள்ளைப் பந்தில் ரெண்டு குறைகிறது: ஒரு மூலக்கூறு மாடல் கிட்டோடு இரண்டு மாதம்

பெட்டியைப் பிரித்ததும் நான் பார்த்தது வேதியியலை அல்ல, பிசிறை, அதாவது அச்சு சேரும் ஓரத்தில் கசிந்து நிற்கும் பிளாஸ்டிக்கை. கோவையில் ஒரு சின்ன இஞ்செக்ஷன் மோல்டிங் (பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுக்குள் செலுத்தி வார்ப்பது) யூனிட்டில் 19 வருடமாக ஷிஃப்ட் சூப்பர்வைசராக இருக்கிறேன். பக்கெட் மூடி, சோப்பு டப்பா, மிக்ஸி ஜாருக்கு அடியில் வரும் வளையம், இதெல்லாம் எங்கள் சரக்கு. எந்த பிளாஸ்டிக் சாமான் கைக்கு வந்தாலும் மோல்டின் இரண்டு பாதியும் சேரும் கோட்டைத் தேடி என் கட்டைவிரல் தானாகப் போகும். வீட்டில் இதைச் சொல்லியே கிண்டல் செய்வார்கள்.

கிட் மகளுக்காக வாங்கியது. பதினொன்றாம் வகுப்பு, தமிழ் மீடியம். ஒரு நாள் சாப்பிடும்போது கேட்டாள்: "ஏனுங்கப்பா, கார்பனுக்கு நாலு கைன்னு சொல்றாங்க, சரி. போர்டுல மீத்தேன் வரைஞ்சா கூட்டல் குறி மாதிரி இருக்கு. நெஜமாவே அப்படித்தான் இருக்குமா?" எனக்குப் பதில் தெரியவில்லை. ஆன்லைனில் தேடி 849 ரூபாய்க்கு இதை ஆர்டர் போட்டேன். கம்பெனி பெயரை எழுதவில்லை. இதே அச்சில் வார்த்த மாதிரி நாலைந்து பெயரில் விற்கிறது, எது எங்கே தயாராகிறது என்று யாருக்குத் தெரியும்.

பெட்டிமேல் போட்டிருக்கும் கணக்கு: கறுப்பு கார்பன் 14, வெள்ளை ஹைட்ரஜன் 24, சிவப்பு ஆக்சிஜன் 8, நீல நைட்ரஜன் 6, பச்சை குளோரின் 6, மஞ்சள் கந்தகம் 2. அப்புறம் இணைப்புக் குச்சி மூன்று வகை: ஹைட்ரஜனுக்குக் குட்டையானது 26, நடுத்தரம் 30, வளையக்கூடிய நீளமானது 12. கழற்ற ஒரு நெம்பி. எண்ணிப் பார்த்தால் வெள்ளைப் பந்து 22தான் இருந்தது. இந்த இரண்டு பந்துக்காக விற்பனையாளரோடு நடந்த கடிதப் போக்குவரத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் என் தொழில்படி ஒரு பார்வை. பந்துகளின் மேல்பரப்பு சுமார். கறுப்பில் கோடு தெரியாத அளவு சுத்தம், சிவப்பிலும் பச்சையிலும் பிசிறு நிற்கிறது, நகத்தால் சுரண்டினால் போய்விடும். துளைதான் பிரச்சினை. கறுப்புப் பந்தின் துளை இறுக்கம், வெள்ளையின் துளை லொடலொடப்பு. மோல்டு ஆறுவதற்கு முன்பே அவசரப்பட்டு சரக்கைத் தள்ளினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவுக்குச் சுருங்கும். ஒரு ஷிஃப்டில் நூறு துண்டு கூட எடுக்க ஆசைப்பட்டு நாங்களும் செய்கிற தப்புதான், அதனால் பார்த்ததும் தெரிந்தது. குச்சி கறுப்புக்குள் ஏற மறுத்தால் பந்தை ஒரு நிமிடம் வெந்நீரில் போட்டு எடுங்கள். பல்லால் கடித்து ஏற்றாதீர்கள், என் மகள் ஏற்றினாள். இரண்டு மாதத்தில் நடுத்தரக் குச்சிகளில் ஏழெட்டுக்குக் கழுத்து வெளுத்துவிட்டது. வளைத்து வளைத்து நெம்பினால் அப்படித்தான் வெளுக்கும், அடுத்தது முறிவு.

சரி, வேதியியலுக்கு வருவோம். மகள் முதலில் செய்தது மீத்தேன். ஒரு கறுப்பு, நாலு வெள்ளை. மேஜையில் வைத்தாள். மூன்று வெள்ளை கீழே கால் ஊன்ற, ஒன்று மேலே நிமிர்ந்து நின்றது. உருட்டிவிட்டாள், மறுபடியும் மூன்று கால், ஒரு தலை. எப்படிப் போட்டாலும் அதேதான். நெருஞ்சி முள்ளை எப்படிப் போட்டாலும் ஒரு முனை மேலே பார்க்குமே, அந்த மாதிரி. ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து கோணமானியை எடுத்து இரண்டு குச்சிக்கு நடுவில் வைத்தாள். 109, 110 என்று காட்டியது. புத்தகத்தில் 109.5. நாலு ஹைட்ரஜனும் ஒன்றைவிட்டு ஒன்று முடிந்தவரை விலகி நிற்க இதுதான் இடம். கூட்டல் குறியாகப் படுத்துவிட்டால் 90 டிகிரிதான் கிடைக்கும், நெருக்கடி. போர்டில் எத்தனை முறை வரைந்தாலும் வராத விஷயம் ஐந்து பந்தில் வந்துவிட்டது. எனக்கு 849 ரூபாயில் பாதி அங்கேயே வசூல்.

இந்தப் பந்து நிறங்களுக்கு ஒரு கதை இருக்கிறது. 1865ல் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் ஹாஃப்மன் என்ற வேதியியலார் சொற்பொழிவு ஆற்றும்போது, குரோக்கே என்ற புல்தரை ஆட்டத்து மரப்பந்துகளுக்குச் சாயம் அடித்துக் குச்சியில் குத்திக் காட்டினார். கார்பன் கறுப்பு, ஹைட்ரஜன் வெள்ளை, ஆக்சிஜன் சிவப்பு, நைட்ரஜன் நீலம், குளோரின் பச்சை. அதே நிறங்கள்தான் இன்று என் சாப்பாட்டு மேஜையில் உருள்கின்றன. வேடிக்கை என்னவென்றால் அவருடைய மீத்தேனும் கூட்டல் குறிதான், தட்டையாகப் படுத்திருந்தது. கார்பனின் நாலு கையும் நான்முகியின் (நாலு முக்கோணப் பக்கம் உள்ள உருவம்) நாலு மூலையை நோக்கி நீள்கின்றன என்று வான்ட் ஹாஃப் என்ற வேதியியலார் சொன்னது 1874ல். அப்போது அவருக்கு வயது 22. வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு, 1901ல், அவருக்குத்தான் போனது. மகளின் சந்தேகம் அந்தக் காலத்துப் பெரிய ஆட்களுக்கும் தீராமல் இருந்த ஒன்று என்று தெரிந்ததும் அவளுக்கு ஒரே குஷி.

இரட்டைப் பிணைப்பிலும் கிட் ஒரு விஷயத்தை அழகாகச் சொல்லிவிடுகிறது. ஈத்தேனில் இரண்டு கார்பனுக்கும் நடுவில் ஒற்றைக் குச்சி, ஒரு பக்கத்தைப் பிடித்து மறுபக்கத்தைத் திருகினால் சுழலும். ஈத்தீனில் வளையும் குச்சி இரண்டு, திருகவே முடியாது. "ஒற்றைப் பிணைப்பு சுழலும், இரட்டைப் பிணைப்பு சுழலாது" என்ற வரியை மனப்பாடம் செய்வதும் கையால் திருகித் தோற்பதும் ஒன்றா? பியூட்-2-ஈன் என்பது நடுவில் இரட்டைப் பிணைப்புள்ள நாலு கார்பன் சங்கிலி. சிஸ் (நுனிக் கார்பன் இரண்டும் ஒரே பக்கம்), டிரான்ஸ் (எதிரெதிர் பக்கம்) என்று அதன் இரண்டு உருவத்தையும் அவள் தனித்தனியாகச் செய்து வைத்தாள். ஒன்றை மற்றதாக்க வேண்டுமென்றால் குச்சியைக் கழற்றியே ஆகவேண்டும். அதாவது பிணைப்பை முறிக்க வேண்டும். அவளாகவே சொன்னாள், நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆனால் இதே இடத்தில் ஒரு பொய்யும் இருக்கிறது. வளைய வேண்டும் என்பதற்காக இரட்டைப் பிணைப்புக் குச்சியை நீளமாகச் செய்திருக்கிறார்கள். அதனால் மாடலில் இரட்டைப் பிணைப்பு ஒற்றையைவிட நீளமாகத் தெரிகிறது. நிஜத்தில் தலைகீழ்: கார்பன்–கார்பன் ஒற்றைப் பிணைப்பு 154 பிக்கோமீட்டர் (மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு ஒரு பிக்கோமீட்டர்), இரட்டை 134, முப்பிணைப்பு 120. பிணைப்பு கூடக்கூட இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. ஈத்தீனில் கோணம் சுமார் 120 இருக்க வேண்டும், கிட்டில் துளை போட்டபடி 109லேயே நிற்கிறது. பென்சீன் செய்தால் இன்னும் மோசம். ஒன்றுவிட்டு ஒன்று நீளமும் குட்டையுமாக அறுகோணம் கோணலாக வருகிறது. நிஜ பென்சீனில் ஆறு பக்கமும் ஒரே அளவு, 139. இதையெல்லாம் துண்டுப் பிரசுரத்தில் ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை.

அந்தப் பிரசுரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆங்கிலமும் சீனமும். தமிழ் மீடியம் பிள்ளைக்குப் படம்தான் துணை. அதில் ஒரு படம் படுமோசம்: சோடியம் குளோரைடு என்று போட்டு ஒரு வெள்ளைப் பந்தையும் ஒரு பச்சைப் பந்தையும் குச்சியால் கோத்திருக்கிறார்கள். முதலில், அது ஹைட்ரஜன் குளோரைடு. அடுத்து, உப்பில் குச்சியே கிடையாது. சோடியம் ஒரு எலக்ட்ரானைக் கொடுத்துவிடுகிறது, குளோரின் வாங்கிக்கொள்கிறது, பிறகு எதிரெதிர் மின்சுமைகள் எல்லாப் பக்கமும் இழுத்துக்கொண்டு அடுக்கடுக்காக நிற்கின்றன. ஒவ்வொரு சோடியத்தைச் சுற்றியும் ஆறு குளோரைடு, ஒவ்வொரு குளோரைடைச் சுற்றியும் ஆறு சோடியம். இன்னாருக்கு இன்னார் ஜோடி என்பதே இல்லை. இதை விளக்க என் மனைவி கொண்டைக்கடலையும் பச்சைப்பயறும் எடுத்துக் கொடுத்தாள். கடலை குளோரைடு, பயறு சோடியம். குளோரைடு அயனி சோடியம் அயனியைப்போல் கிட்டத்தட்ட ஒன்றே முக்கால் மடங்கு என்பதால் அளவும் ஏறக்குறைய ஒத்துவந்தது. தட்டில் மாற்றி மாற்றி அடுக்கினோம். அயனிப் பிணைப்புக்கு இந்தக் கிட்டை வாங்காதீர்கள், சமையலறை போதும். அணுவுக்குள் என்ன இருக்கிறது என்பதற்கும் இது உதவாது. பந்து பந்துதான், உட்கருவும் எலக்ட்ரானும் இதில் தெரியாது.

நைட்ரஜனில் மட்டும் ஒரு சின்னச் சந்தேகம் வந்தது. நாலு துளை இருக்கிறது, அம்மோனியாவுக்கு மூன்று ஹைட்ரஜன்தான். "ஒரு ஓட்டை சும்மா இருக்குதுங்கப்பா, ஏமாத்திட்டாங்க" என்றாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அவளுடைய ஆசிரியை சொல்லித்தான் தெரிந்தது: அந்தக் காலித் துளை பிணைப்பில் சேராத எலக்ட்ரான் ஜோடி உட்காரும் இடம். அந்த இடத்தில் இன்னொரு ஹைட்ரஜன் அயனி வந்து சேர்ந்தால் அம்மோனியம். இப்போது அந்த ஓட்டைமேல் எனக்கு மரியாதை.

இனி நான் இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்த காரணம். பாலிமர், அதாவது சின்ன மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து நீளும் சங்கிலி.

19 வருடமாக 25 கிலோ மூட்டை மூட்டையாக கிரானுல்ஸை (பிளாஸ்டிக் மணிகளை)ப் பிரித்து ஹாப்பரில் (மெஷினின் புனலில்) கொட்டுகிறேன். ஹெச்.டி., எல்.டி. (பாலிஎத்திலீனின் இரண்டு ரகம்), பி.பி. (பாலிப்ரொப்பிலீன்), விர்ஜின் (புதுசு), ரீபிராசஸ் (பழசை உருக்கியது), எல்லாம் தெரியும். எது எந்தச் சூட்டில் உருகும், எது எவ்வளவு சுருங்கும், வாசனையிலேயே சொல்வேன். ஆனால் கார்பன் என்றால் எனக்கு கறுப்பு மாஸ்டர்பேட்ச் மட்டும்தான். கறுப்பு நிறம் வேண்டுமென்றால் சேர்ப்பது. அந்த வெள்ளை மணியே பெரும்பாலும் கார்பன்தான் என்று யாரும் சொன்னதில்லை.

மகள் ஐந்து ஈத்தீன் செய்து வரிசையாக வைத்தாள். ஒவ்வொன்றிலும் இரண்டு கறுப்பு, நாலு வெள்ளை, நடுவில் வளைந்த குச்சி இரண்டு. முதல் ஈத்தீனில் ஒரு குச்சியை உருவினாள். மற்றதைக் கழற்றி நேர் குச்சி போட்டாள். இப்போது இரண்டு கார்பனிலும் ஒவ்வொரு துளை காலி. அடுத்த ஈத்தீனையும் அதேபோல் திறந்து, காலித் துளையையும் காலித் துளையையும் கோத்தாள். மூன்றாவது. நான்காவது. ஐந்தாவது முடிந்ததும் ஒரு வளைவு நெளிவான பத்துக் கார்பன் சங்கிலி. இரண்டு நுனியிலும் ஒவ்வொரு ஓட்டை மிச்சம். "இதுல என்ன போடறது?" "இன்னொரு ஈத்தீன்." "அதுக்கப்புறம்?" "இன்னொண்ணு."

கையிருப்பில் இரண்டே வெள்ளைப் பந்து இருந்தது. நுனிகளில் செருகி மூடினோம். 10 கார்பன், 22 ஹைட்ரஜன்: டெக்கேன். மண்ணெண்ணெயில் இருக்கும் திரவம். 4 கறுப்புப் பந்து ஹைட்ரஜன் இல்லாமல் மேஜையில் சும்மா கிடந்தது. தொலைந்த இரண்டு வெள்ளை இருந்திருந்தால் 11 கார்பன் வரை போயிருக்கலாம், அவ்வளவுதான். சங்கிலி நீளம் சரியாக அவளுடைய 30 செ.மீ. ஸ்கேல் அளவு. கிட்டில் ஒரு கார்பனின் நடுவிலிருந்து அடுத்த கார்பனின் நடு வரைக்கும் 4 செ.மீ. இருக்கிறது. அப்படியென்றால் இது நிஜத்தைவிடச் சுமார் 26 கோடி மடங்கு பெரிது. ஈத்தீனை இப்படிக் கோத்துக்கொண்டே போனால் அதுதான் பாலிஎத்திலீன். எங்கள் ஹெச்.டி. சங்கிலி ஒன்றில் கார்பன் ஆயிரக்கணக்கில் இருக்கும். 10,000 என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டோம். இதே கிட்டின் அளவில் சங்கிலி 325 மீட்டருக்கு மேல் போகிறது. எங்கள் வாசலில் ஒரு நுனியை வைத்தால் மறு நுனி பஸ் ஸ்டாப் தாண்டி டீக்கடைக்குப் போய்விடும். என் ஹாப்பரில் விழுகிற ஒவ்வொரு மணியிலும் அப்படிப்பட்ட சங்கிலிகள் எண்ணில் அடங்காமல் சுருண்டு கிடக்கின்றன. எடை பார்த்தால் 14 பங்கில் 12 பங்கு கார்பன். 25 கிலோ மூட்டையில் 21 கிலோவுக்கு மேல். அன்று ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. நிஜமாகத்தான் சொல்கிறேன்.

இப்படி நீளமான சங்கிலி இருக்கிறது என்று ஸ்டாடிங்கர் என்ற வேதியியலார் 1920ல் எழுதியபோது பெரிய வேதியியலார்களே நம்பவில்லையாம், சின்ன மூலக்கூறுகள் கும்பலாக ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்றுதான் நினைத்தார்கள். நோபல் கிடைக்க அவர் 1953 வரை காத்திருந்தார்.

மறுநாள் முறிந்த குச்சி ஒன்றை எடுத்து நான் யூனிட்டில் செய்கிற சோதனையைச் செய்தேன். முதலில் தண்ணீரில் போட்டேன், மிதந்தது. அப்போது பி.வி.சி. இல்லை, அது முழுகும். பிறகு இடுக்கியில் பிடித்து மொட்டை மாடியில் ஒரு ஓரத்தைக் கொளுத்தினேன். அடியில் நீலம், மேலே மஞ்சள், சொட்டுச் சொட்டாக உருகி விழுந்தது, அணைத்ததும் மெழுகுவத்தி வாசனை. பாலிஎத்திலீன். மெழுகுவத்தி வாசனை ஏன் என்று அத்தனை வருடம் யோசித்ததில்லை. மெழுகும் அதே சங்கிலிதான், 20, 30, 40 கார்பனோடு நின்றுவிட்டது. சமையல் கேஸ் 3, 4 கார்பன், அதனால் வாயு. டெக்கேன் 10, திரவம். மெழுகு திடம், விரலால் கீறலாம். ஆயிரக்கணக்கில் போனால் பக்கெட். இதில் ஒரு வேடிக்கை: ஹைட்ரோகார்பனை (கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே உள்ளதை)ச் சொல்லிக்கொடுக்கிற குச்சியே ஹைட்ரோகார்பன். (இந்தச் சோதனையை வீட்டுக்குள் செய்யாதீர்கள். என்ன பிளாஸ்டிக் என்று தெரியாமல் எதையும் கொளுத்தாதீர்கள். பி.வி.சி. எரிந்தால் வருவது அமிலப் புகை.)

எல்.டி.க்கும் ஹெச்.டி.க்கும் வித்தியாசத்தைக்கூட இதில் ஓரளவு காட்டிவிட முடிந்தது. சங்கிலி நடுவில் ஒரு வெள்ளையைக் கழற்றிவிட்டு கறுப்பு இரண்டைக் கிளையாகச் செருகினால் போதும். ஹெச்.டி. என்பது கிளை கழித்த சவுக்குக் கட்டை, நெருக்கமாக அடுக்கலாம். எல்.டி. கிளையோடு வெட்டிய வேலிமுள், எப்படிப் போட்டாலும் சந்து விழும். அதனால்தான் எல்.டி. அடர்த்தி குறைவு, மெத்தென்று இருக்கிறது, 110 டிகிரி பக்கத்திலேயே உருகிவிடுகிறது. ஹெச்.டி. 130 வரை தாங்கும். மெஷினில் ஹீட்டர் செட்டிங் மாற்றும்போதெல்லாம் நான் செய்துகொண்டிருந்தது இதுதான் போலிருக்கிறது.

ஆக, பாலிமர் பாடத்துக்கு இந்தக் கிட் போதுமா? போதாது. 14 கார்பன் வைத்துக்கொண்டு சங்கிலியின் தொடக்கத்தைக் காட்டலாம். மாற்றியங்களுக்கே, அதாவது ஒரே அணுக்களை வேறு வேறு மாதிரி கோத்த மூலக்கூறுகளுக்கே, இது தட்டுப்பாடு. பியூட்டேனின் இரண்டு மாற்றியங்களையும் பக்கத்தில் பக்கத்தில் செய்ய 8 கார்பன், 20 ஹைட்ரஜன், நிம்மதியாக வரும். பென்டேனுக்கு மூன்று மாற்றியம். மூன்றையும் ஒன்றாக வைக்க 15 கார்பன் வேண்டும், பெட்டியில் 14. ஒன்றே ஒன்றை மிச்சம் பிடித்திருக்கிறான் புண்ணியவான். ஆனால் மூன்றையும் ஒன்றாக வைத்தால்தான் விஷயமே புரியும்: ஒரே 5 கார்பன், 12 ஹைட்ரஜன், ஆனால் நேர் சங்கிலி 36 டிகிரியில் கொதிக்கும், ஒரு கிளை வந்தால் 28, நாலு பக்கமும் கிளையாகி உருண்டையானால் (நியோபென்டேன்) 9.5. உருண்டைகள் ஒன்றோடொன்று தொடும் இடம் குறைவு, பிரிப்பது சுலபம்.

மகள் விடவில்லை. நியோபென்டேனின் நடுக் கார்பனுக்கு ஒரு எலுமிச்சம்பழம் எடுத்து, நாலு பல்குச்சி குத்தி, நான்கு கறுப்புப் பந்தைச் செருகினாள். கோணம் கண்ணளவில்தான். ஹைட்ரஜனுக்குப் பந்து பத்தவில்லை, துளையை எண்ணிக்கொண்டோம்.

அந்த இரண்டு வெள்ளைப் பந்து விவகாரம். புகார் போட்டேன். போட்டோ கேட்டார்கள், அனுப்பினேன். "எந்த இரண்டு பந்து இல்லை என்று போட்டோவில் தெரியவில்லை" என்று பதில். இல்லாததை எப்படிப் படம் எடுப்பது? மூன்றாவது முறை முழுப் பெட்டியையும் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். அதற்குள் மகள் பியூட்டேனை ஃப்ரிட்ஜ் மேல் காட்சிக்கு வைத்துவிட்டாள், விட்டுவிட்டேன். நீங்கள் வாங்கினால் பிரித்த அன்றே எண்ணிவிடுங்கள்.

849 ரூபாய்க்கு வாங்கலாமா? பத்தாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை பிள்ளை இருந்தால், கரிம வேதியியல் அதற்குப் பயமாக இருந்தால், வாங்குங்கள். சும்மா மூலக்கூறு என்றால் என்ன என்று காட்ட மட்டும் என்றால் வேண்டாம். ஊறவைத்த கொண்டைக்கடலையும் விளக்குமாற்றுக் குச்சியும் போதும், அதையே நிறையப் பள்ளிகளில் செய்கிறார்கள். கடலையில் கிடைக்காதது அந்த 109.5 டிகிரி. அதற்குத்தான் காசு. கொஞ்சம் கூடப் போட்டு கார்பன் 20க்கு மேலும் ஹைட்ரஜன் 40க்கு மேலும் இருக்கிற பெட்டியாகப் பார்த்து எடுங்கள். ஆக்சிஜன் எட்டு, நைட்ரஜன் ஆறெல்லாம் எங்களுக்குப் பெட்டியிலேயே தூங்குகின்றன.

ஐந்துக்கு மூன்றரை கொடுக்கிறேன். பிசிறுக்கு அரை, பிரசுரத்துக்கு அரை, பதினைந்தாவது கார்பனுக்கு அரை கழித்தாயிற்று. எலுமிச்சம்பழத்தை மறுநாள் மனைவி சாதத்துக்குப் பிழிந்துவிட்டாள்.